வீரசோழன் ஊரின் அட்டைப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய தம்பிமார்களே,

பள்ளிக்கூடம் விட்டு வீடு திரும்பும் வழியில், வேப்பமரத்தடித் திண்ணையில் நீங்கள் ஏழெட்டுப் பேர் குந்தியிருந்து, கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் உருவம் அச்சிட்ட வழவழப்பான அட்டைகளைப் பரப்பிவைத்துக்கொண்டு, 'இது என்கிட்ட ரெண்டு இருக்கு, அதைத் தர்றியா' என்று நகைக்கடைக்காரர்களுக்குரிய நிதானத்துடன் பேரம் பேசுவதை, எதிர்த்திண்ணையிலிருந்து ஒரு மாத காலமாக நான் கண்டுவருகிறேன். உங்களைப் பெற்றவர்களில் இருவர் என்னிடம் வந்து, 'பயல்கள் காசைக் கரியாக்குகிறார்கள், நீங்கள் பெரியவராக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா' என்று கேட்டுக்கொண்டதும் உண்டு. சீமைக்கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரியைக் காசாக்கியே பிழைக்கும் இந்த வறண்ட சீமையில் அது வசைமொழியாகுமா என்பது வேறு விஷயம். எவ்வாறாயினும், அவர்கள் என்னிடம் எதிர்பார்த்த அந்த ஒரு வார்த்தை இம்மடலில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அட்டை சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீங்கள் போதிய சிரத்தையுடன் சேர்க்கவில்லை என்பதே என் குறை.

என்னைத் திண்ணைக் கிழவனாக மட்டுமே அறிந்த உங்களுக்கு, நான் பார்த்த உத்தியோகம் இன்னதென்று தெரிய நியாயமில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் புரூஃப் பார்த்தவன் நான். திருமண அழைப்பிதழ், நாட்காட்டி, நோட்டு அட்டை, பட்டாசுச் சுற்றுத்தாள், தீப்பெட்டி லேபிள் என்று என் சிவப்பு மசிப் பேனாவின் கீழே போகாத காகிதம் கிடையாது. சாமி படத்துக்குக் கீழே அச்சான ஊர்ப்பெயரில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தால் அதுதான் எனக்குத் தெரியுமேயன்றி, சாமியின் முகம் எப்படியிருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படிப் பழகிப்போன கண்ணுக்கு, போன பங்குனியில் ஒரு விசித்திரமான காகிதம் கிடைத்தது. அதுவே இம்மடலுக்குக் காரணம்.

நம் ஊர்ப் பிள்ளை ஒருவன் ஜப்பான் தேசத்தில் ஒசாகா நகரத்தில் வேலை பார்க்கிறான். விடுமுறையில் வந்தவன், அங்கே பெட்டிக்கடைகளில் விற்கும் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். பொட்டலத்தின் முதுகில் சிறு உறை ஒன்று ஒட்டியிருந்தது. உறைக்குள் இரண்டு அட்டைகள். அட்டையில் மட்டையை ஓங்கி நிற்கும் ஒரு மனிதன். பேஸ்பால் என்னும் அந்த ஆட்டம் நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1872ஆம் ஆண்டு ஹொரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் தோக்கியோவில் தம் மாணாக்கருக்கு அதனைச் சொல்லிக்கொடுத்தார் என்பது வரலாறு. பிறகு அந்நாட்டார் அதில் எவ்வளவு ஊறிப்போனார்கள் என்றால், மசாவோகா ஷிகி என்ற புகழ்பெற்ற ஹைக்கூ கவிஞர், தாமே மைதானத்தில் இறங்கி ஆடியதோடு நில்லாமல், அவ்வாட்டத்தின் கலைச்சொற்கள் சிலவற்றுக்கு ஜப்பானியப் பெயரும் சூட்டினார். 2002இல், அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு ஆனபோது, ஆட்டக்காரர்களுக்கென்று உள்ள கீர்த்தி மண்டபத்தில் அந்தக் கவிஞருக்கும் இடம் கொடுத்தார்கள். நம் கவிராயர் எவராவது சடுகுடுவுக்கு இப்படி ஓர் உபகாரம் செய்திருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தேன், விடை கிடைக்கவில்லை.

வறுவல் விற்கும் அந்தக் கம்பெனியின் பெயர் கால்பி. 1971இல் அது, முகமூடி அணிந்த வீரன் ஒருவனுடைய தொலைக்காட்சிக் கதையை ஒட்டி, தின்பண்டத்தோடு ஓர் அட்டையும் கொடுக்கத் தொடங்கியது. பிள்ளைகள் அட்டையை எடுத்துக்கொண்டு பண்டத்தைச் சாக்கடையில் கொட்டினார்களாம், பத்திரிகைகள் கண்டித்து எழுதினவாம், ஆசிரியர்கள் வருந்தினார்களாம். எந்தத் தேசத்திலும் பெற்றோரின் வருத்தம் ஒரே அச்சில் வார்த்ததாகவே இருக்கிறது. 1973இல் அதே கம்பெனி பேஸ்பால் அட்டைக்கு மாறியது. நகாஷிமா ஷிகெயோ என்ற மகா வல்லமை படைத்த ஆட்டக்காரரின் படத்துக்கு ஒன்று என்ற எண் கொடுத்து ஆரம்பித்த அந்த வரிசை, அரை நூற்றாண்டு கடந்து, இன்றளவும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது.

இது தின்பண்டக்காரர் காரியம். பேஸ்பால் பத்திரிகை நடத்தும் நிறுவனம் ஒன்று 1991 முதல் வெளியிட்டுவரும் அட்டைகளின் ஒழுங்கைக் கேட்டால் இன்னும் வியப்பாக இருக்கும். அந்நாட்டில் இரண்டு சங்கங்கள், சங்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு அணிகள். ஐப்பசி வாக்கில், பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் முடிக்கும் இளைஞர்களிலிருந்து தமக்கு வேண்டியவர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. அப்படித் தேர்ந்த புதுப்பிள்ளைகள், ஒரு பந்தையும் இன்னும் மைதானத்தில் தொட்டறியாத நிலையிலேயே, மாசி மாதத்தில் தங்கள் பெயரும் பிறந்த ஊரும் பொறித்த அட்டைகளாக வெளிவந்துவிடுகிறார்கள். பங்குனி நடுவில் ஆட்டப் பருவம் தொடங்க, சித்திரை வைகாசியில் ஆண்டின் முதல் பெருந்தொகுதி வருகிறது; அதிலே, முந்தைய ஆண்டில் ஆட்டத்தைவிட்டு விலகியவர்களுக்கென்று பிரிவு சொல்லும் அட்டைகள் சிலவும் சேர்ந்திருக்கின்றன. ஆவணியில் இரண்டாம் தொகுதி. அதில் ஒரு வேடிக்கை உண்டு: ஆட்டத் தொடக்கத்தில் சம்பிரதாயமாக முதற்பந்து வீச அழைக்கப்படும் நடிகைக்கும் பாடகிக்கும்கூடத் தனி அட்டை! பன்னிரண்டு அணிகளுக்கும் தனித்தனித் தொகுதிகள் இடையிடையே வருகின்றன. வருஷ முடிவில், நடந்து முடிந்த பருவத்தின் சாதனைகளைத் தொகுத்து ஒன்று. இவ்விதமாக, நாம் பஞ்சாங்கத்தைப் பார்த்து விதைப்பையும் அறுப்பையும் அறிவதுபோல, அங்கே ஒரு சிறுவன் அட்டையைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிடலாம். இன்று அமெரிக்கா முழுவதும் கொண்டாடும் ஒதானி ஷோஹெய், 2013இல் பதினெட்டு வயதுப் புதுப்பிள்ளையாக இந்த மாசி மாதத் தொகுதியில் நின்றவன்தான். அன்று அவனை வாங்கியவர்கள் அவனைப் பற்றி அறிந்ததெல்லாம் பள்ளிக்கூடக் கீர்த்தி மட்டுமே.

நான் சொல்ல வந்தது இதன் பகட்டைப் பற்றி அன்று. வறுவல் பொட்டலத்தில் வந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஜப்பானிய எழுத்து எனக்கு ஒரு மூலையும் விளங்கவில்லை. ஆனால் ஓர் ஓரத்தில் ஓர் எண் அச்சாகியிருந்தது. புரூஃப் பார்த்த புத்தி எனக்கு. எண்ணைக் கண்டால் அதற்கு முந்திய எண் எங்கே என்று தேடும். அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். ஒவ்வொரு தொகுதிக்கும் முழுமையான எண் பட்டியல் உண்டென்றும், ஆண்டு வாரியாக அதனைத் தேடி எடுக்கலாமென்றும், முப்பது வருஷத்துக்கு முந்தைய தொகுதியில் எண்பதாம் எண்ணில் யார் இருந்தார் என்பதுகூட ஐயமின்றி அறியலாமென்றும் சொன்னான். தம்பிமார்களே, எண் இட்டுவைத்திருப்பதால் அங்கே இருப்பது மட்டுமன்றி இல்லாததும் தெரிகிறது. நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்துமூன்றுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் கண்டவுடன், 'நாற்பத்திரண்டு எங்கே?' என்று பத்து வயதுப் பையன் கேட்கிறான், கேட்டுத் தேடுகிறான், தேடி அடைகிறான். நம்மிடம் இல்லாமற்போனது எதுவென்றே அறியாமல் நாம் இருக்கிறோமே, அந்த எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

நம்மிடம் அட்டை ஏது என்று நீங்கள் கேட்பீர்கள். பேஸ்பால் அட்டைக்கு முன்பே ஜப்பானியச் சிறுவர்களிடம் மென்கோ என்றொரு விளையாட்டு இருந்தது. தடித்த படச்சீட்டு ஒன்றைத் தரையில் வைத்து, தன் சீட்டை அதன் பக்கத்தில் ஓங்கி அறைந்து, எழும் காற்றில் எதிராளியின் சீட்டைக் கவிழ்த்தவன் அதை எடுத்துக்கொள்வான். இதனை அந்தப் பிள்ளை விவரித்தபோது என் கை தானாகத் தரையை நோக்கிப் போயிற்று. நாங்கள் கண்மாய்க்கரையில் வட்டம் கிழித்து, தீப்பெட்டிப் படங்களை அடுக்கி, பத்தடி தூரத்திலிருந்து தட்டைக் கல்லெறிந்து, வட்டத்துக்கு வெளியே சிதறியவற்றை வாரிக்கொண்ட விளையாட்டும் இதுவும் வேறல்ல. சிகரெட் அட்டைக்கு மதிப்பு அதிகம். அதிலும் சார்மினாருக்கு ஒரு விலை, அபூர்வமாகக் கிடைக்கும் கோல்டு பிளேக்குக்கு இன்னொரு விலை. தீப்பெட்டிப் படத்தில் கப்பலும் குதிரைத் தலையும் எங்கும் கிடைக்கும்; ஆகையால் மதிப்பில்லை. யாரும் காணாத ஒரு சிறு கம்பெனியின் கிளியோ சாவியோ கிடைத்துவிட்டால், அதைச் சட்டைப்பையில் வைத்திருப்பவன் அன்றைக்கு ஜமீன்தார். அருப்புக்கோட்டைக்கு நூல் வாங்கப் போகும் நெசவாளிகளையும், சந்தைக்கு வரும் மாட்டுத் தரகர்களையும் வழிமறித்து, 'அண்ணே, பெட்டி காலியா?' என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தோம். பீடி பற்றவைக்கும் மனிதனைக் கண்டால் அவன் பெட்டியில் இன்னும் எத்தனை குச்சி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்த நாட்கள் அவை.

அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன? பஸ்ஸில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊரிலிருந்து. 1922இல், பி. அய்ய நாடார், அ. சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள், மழையை நம்பி உழவு செய்ய இயலாத சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள் என்பதும், அதிலிருந்து தீப்பெட்டியும், பின்னர்ப் பட்டாசும், பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்ற அவசியத்திலிருந்து அச்சுத்தொழிலும் கிளைத்தன என்பதும் நீங்கள் பாடத்தில் படித்திருக்கலாம். மசியை உலர்த்தும் காற்றும், குச்சியில் முக்கிய மருந்தைக் காயவைக்கும் வெயிலும் நமக்கு இலவசம். பயிருக்குச் சாபமான வறட்சி காகிதத்துக்கு வரமாயிற்று. நேரு அவ்வூரைக் 'குட்டி ஜப்பான்' என்று அழைத்தார் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

ஆனால் இந்த ஜப்பான் உறவு நேருவுக்கும் முந்தியது. சிவகாசியில் ஒரு குச்சியும் செய்யாத காலத்தில், நம் பாட்டிமார் அடுப்புப் பற்றவைத்த பெட்டிகள் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலேறி வந்தவை; முதல் உலக யுத்தத்தில் ஐரோப்பியச் சரக்கு குறையவே, ஜப்பான் பெட்டியே சந்தையை நிறைத்தது. இந்தியர் வாங்க வேண்டும் என்பதற்காக, கண்ணனையும் பிள்ளையாரையும் இலக்குமியையும் அந்நாட்டு ஓவியர்கள் லேபிளில் வரைந்து அனுப்பினார்கள். நம் தெய்வங்களைக் கோயிலில் கண்டறியாத ஒருவன், கடல் கடந்த ஊரில் உட்கார்ந்து, நம் வீட்டுச் சமையற்கட்டுக்கென்று கண்ணனை எழுதியிருக்கிறான். அந்தப் படங்கள் இன்று அயல்நாட்டுச் சேகரிப்பாளர்களின் தொகுப்புகளில் மெல்லிய உறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. அதே சமையற்கட்டுகளில், நம்மிடம், ஒன்றும் இல்லை.

இனி நான் என் தொழிலின் இரகசியம் ஒன்றை உங்களுக்குச் சொல்லித்தரப்போகிறேன். இதற்காகவே இவ்வளவு நீட்டினேன். தீப்பெட்டி லேபிளில் ஆண்டு அச்சிடுவதில்லை; அட்டைக்காரர்கள் போல் எண்ணும் இடுவதில்லை. ஆயினும், படத்தை விட்டுவிட்டு, படத்தைச் சுற்றியுள்ள பொடி எழுத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அதன் வயது மறைந்து நிற்காது. விலை அச்சாகியிருந்து, அது ஐம்பது பைசா என்றால், அப்பெட்டி 2007க்குப் பிந்தியதன்று; அந்த ஆண்டில்தான் விலை ஒரு ரூபாயாயிற்று. ஒரு ரூபாய் என்று கண்டால் 2007க்கும் 2021 நவம்பருக்கும் நடுவே. பதினான்கு ஆண்டுக் காலம் அசையாமல் நின்ற அவ்விலை, 2021 டிசம்பர் முதல் தேதியில் இரண்டு ரூபாயாக ஏறியது. அதோடு முப்பத்தாறு குச்சி இருந்த பெட்டியில் ஐம்பது குச்சி வைக்கத் தொடங்கினார்கள். ஆகவே படம் இம்மியும் மாறாமல், குச்சியின் தொகையும் விலையும் மட்டும் மாறிய இரட்டைகள் உண்டு. நீங்கள் ஒன்றே என்று தள்ளிவிடும் அவை இரண்டு. சரக்கு சேவை வரி எண் இருந்தால் 2017 ஜூலைக்குப் பிந்தியது. ஊர்ப்பெயரோடு ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. முகவரியில் இராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால், 1985இல் நம் மாவட்டம் பிரிவதற்கு முன்னதாகவோ, புதுப் பெயருக்கு மாறச் சோம்பிய ஓர் அச்சகத்தின் உபயமாகவோ இருக்கலாம். பிரிந்தபின் நம் மாவட்டம் தாங்கிய காமராசர் மாவட்டம் என்ற பெயர் இருந்தால் அது இன்னும் அருமை. தலைவர்களின் பெயரால் வழங்கிய மாவட்டங்கள் 1997இல் அப்பெயரை இழந்தபோது அந்தச் சொல்லும் லேபிளிலிருந்து மறைந்தது. 1934இல் தீப்பெட்டிக்கு அரசாங்கத் தீர்வை விதித்த பிறகு பெட்டியைச் சுற்றி ஒட்டிய தீர்வைச் சீட்டின் துண்டு எங்கேனும் தப்பியிருந்தால், அதைத் தனியாகவே வைக்க வேண்டும். ஒருவருடைய படம் விற்றால் மற்றொருவர் அதே படத்தை மீசையை மட்டும் மாற்றியோ, சிங்கத்தைச் சிறுத்தையாக்கியோ வெளியிடும் பழக்கமும் உண்டு. அசலையும் போலியையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்தச் சாமர்த்தியம் புலப்படும். நானே ஒரு போலிக்குப் புரூஃப் பார்த்திருக்கிறேன், அதில் எழுத்துப் பிழை இல்லை என்று கையெழுத்திட்டும் கொடுத்திருக்கிறேன்.

படத்தின் முன்பக்கம் இவ்வளவு சொல்லும். அதன் பின்பக்கம் சொல்வதையும் நீங்கள் அறிய வேண்டும். அதனை மறைத்து இப்பொழுதுபோக்கை உங்களுக்கு இனிப்பாகக் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை. நாங்கள் கண்மாய்க்கரையில் கல்லெறிந்து விளையாடிய படங்களைப் பெட்டியில் ஒட்டியவர்கள் பெரும்பாலும் எங்கள் வயதுப் பிள்ளைகள். என் சித்தியின் மகள் சாத்தூர்ப் பக்கத்தில் இருந்தாள். விடியலுக்கு முன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்கித் தாய்மார் ஏற்றிவிடுவார்கள். இருட்டின பிறகு இறக்கிவிடும். அவள் வேலை கட்டை அடுக்குவது; அதாவது மருந்து முக்குவதற்கு ஏதுவாகக் குச்சிகளைச் சட்டத்தின் பள்ளங்களில் ஒவ்வொன்றாகச் செருகுவது. சட்டக் கணக்கில் கூலி. வீட்டுக்கு வந்தபின் பெட்டி ஒட்டும் வேலை வேறு. ஒரு கோடை விடுமுறையில் அங்கே போயிருந்த நான், அவள் முன்னே கிடந்த புதுப் படங்களில் நாலைந்தை எனக்குத் தரும்படி கேட்டேன். 'எண்ணிக் கொடுத்திருக்காக அண்ணே, குறைஞ்சா கூலியில பிடிப்பாக' என்றாள். அதற்குப் பிறகு அவளிடம் படம் கேட்டதில்லை. ஆனால் படம் சேர்ப்பதை நிறுத்தினேனா என்றால், அதுவும் இல்லை. 1980களில் இந்த அவலம் நாடெங்கும் பேசப்பட்டது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளைக் குறித்து எம். சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி இருபதினாயிரம் ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் கையில் 1980களின் லேபிள் ஒன்று கிடைத்து, அதன் பின்புறத்தில் காய்ந்த பசையில் ஒரு சிறு விரலின் தடம் தெரிந்தால், அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாதீர்கள்.

என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அச்சகத்தில் வேலை தொடங்கும் முன்பு, வர்ணம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் வரையில் பல தாள்கள் வீணாக ஓடும். வெட்டப்படாத முழுத்தாளில் ஒரே படம் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்க, சிவப்பு ஒருபக்கமும் நீலம் ஒருபக்கமும் விலகி, யானைக்கு இரண்டு நிழல் விழுந்ததுபோல் இருக்கும் அக்கழிவுத் தாள்களை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்டோம், பரணில் விரித்தோம், பலகாரம் மடித்தோம். நான் பார்த்துக் கையெழுத்திட்ட புரூஃபுகள் மட்டும் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி, வாடிக்கையாளர் பெயர், எத்தனை ஆயிரம் என்ற குறிப்பு, என் கையாலேயே. ஜப்பானியர் பட்டியல் போட்டுக் காக்கும் விவரமெல்லாம் அதில் அடக்கம். ஓய்வு பெற்ற ஆண்டில், வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, அவற்றைப் பழைய காகிதக்காரனுக்கு எடைக்குப் போட்டேன். கிலோவுக்கு என்ன விலை கொடுத்தான் என்பது ஞாபகமில்லை. தராசில் அவன் கல்லைக் குறைத்து வைத்ததாகச் சண்டை பிடித்தது நன்றாக ஞாபகமிருக்கிறது.

இதே அலட்சியம் எல்லா இடத்திலும்தான். ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டு நாட்காட்டியின் மாதிரி ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். ஒரு தேசத்தின் அடுத்த வருஷத்துச் சுவர்கள் எப்படியிருக்கும் என்பது அன்றைக்கே முடிவாகிவிடும். அந்த ஆல்பங்களை ஆண்டு வரிசையில் வைத்திருக்கும் ஒருவரையும் நான் கண்டதில்லை. உங்கள் தகப்பனார் காலத்தில் பிக் ஃபன் பபிள்கம்மோடு ஓட்டமும் விக்கெட்டும் அச்சிட்ட கிரிக்கெட் படங்கள் வந்தன. வேண்டுமானால் அவரிடமே கேட்டுப் பாருங்கள், 'இருந்துச்சு, எங்க போச்சோ' என்பார்.

ஆகவே, தம்பிமார்களே, நான் உங்களிடம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் அன்று. உங்கள் கிரிக்கெட் அட்டைகளை விட்டுவிட வேண்டாம். அவற்றுக்கு அச்சிட்டவர்களே எண் கொடுத்திருக்கிறார்கள், அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். எண் இல்லாதவற்றுக்கு நீங்கள் எண் கொடுங்கள். வரும் சித்திரை முதல் நாளிலிருந்து ஓராண்டுக் காலம், வீரசோழன் கடைகளிலும் சந்தையிலும் விற்கும் தீப்பெட்டிகளில் புதிய படம் எது கண்ணில் பட்டாலும், ஒரு பெட்டி வாங்குங்கள். இப்போது லேபிள் தனியாக ஒட்டாமல் பெட்டி அட்டையிலேயே அச்சாவதால், பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி, வாங்கிய தேதியும் கடையும் எழுதி வையுங்கள். நரிக்குடி, திருச்சுழி, கமுதி என்று உறவுமுறைக்குப் போகிறவர்கள் அங்கங்கே கிடைப்பதையும் கொண்டுவாருங்கள். ஒரு வருஷத்தில் இந்தச் சீமைக்கு வந்த தீப்பெட்டிப் படங்கள் இத்தனை என்று சொல்லக்கூடிய முதல் மனிதர்கள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பழையவற்றைத் தேடுவது அதற்கடுத்த வேலை. இடிந்த வீட்டு மாடங்களிலும், கொல்லைப்புற அடுப்படிப் பிறைகளிலும், பாட்டிமாரின் சுருக்குப்பைகளிலும் என்ன இருக்கிறதென்று அவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்; கேட்காமல் எடுக்கலாகாது. கோடு போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, கட்டங்கள் வரைந்து, என் திண்ணை அலமாரியில் வைத்திருக்கிறேன். தப்பிப்பிழைத்த என் ஏழு படங்களுக்கு ஒன்று முதல் ஏழு வரை எண் எழுதியிருக்கிறேன். எட்டிலிருந்து உங்கள் கையெழுத்து.

ஒரு வார்த்தை. பசை டப்பாவைக் கொண்டுவராதீர்கள். படத்தை நோட்டில் ஒட்டினால் பின்பக்கத்துப் பொடி எழுத்து அழிந்துபோகும். மைதாப் பசையில் எவ்வளவு மயில்துத்தம் கலந்தாலும் இராமபாணப் பூச்சி வந்தே தீரும். நாலு மூலைக்கும் காகிதத்தில் செருகு மடித்து வைத்திருக்கிறேன், அதில் செருகினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் எதிர்த்திண்ணைத் தாத்தா